டிஸ்கஸ் மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம்?

காணியை விட்டுவந்து உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருக்கும் குடும்பங்களுக்கு அலங்கார மீன் வளர்ப்பு கைகொடுக்கக்கூடிய ஒரு தொழில். நாலு தொட்டி வைக்க ஒரு தாழ்வாரம் போதும். ஆனால் தொடங்கிச் சில மாதங்களுக்குள் பலருடைய கண் டிஸ்கஸ் மீனில் விழுந்துவிடுகிறது. கப்பி மீனைவிடப் பல மடங்கு விலை போவது அதற்குக் காரணம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மகளிர் சங்கத்தில் கடன் எடுத்து ஆறு டிஸ்கஸ் குஞ்சுகளை வாங்கியது. வேறு தொட்டி இல்லாதபடியால், ஏற்கெனவே தங்கமீனும் ஏஞ்சல் மீனும் இருந்த தொட்டியிலேயே அவற்றையும் விட்டார்கள். அன்று அங்கே போய், "நல்ல வடிவாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். ஒரு மாதத்துக்குள் டிஸ்கஸ்கள் உடல் கறுத்து, மூலையில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகச் செத்தன. மீன் போன பிறகும் கடன் நின்றது. அன்று நான் படித்திருக்க வேண்டிய பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

டிஸ்கஸ் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் படுகைக்கு உரியது. தட்டையான, வட்டமான உடல். வளர்ந்தால் 15 செ.மீ.க்கு மேல் வரும். அதற்குத் தேவையான நீரின் வெப்பநிலை 28 முதல் 30 பாகை செல்சியஸ். தங்கமீனோ குளிர்நீரை விரும்புவது. இரண்டுக்கும் பொதுவாக 25 பாகையில் வைத்தால் இரண்டுக்குமே சுகமில்லை. மேலும், டிஸ்கஸ் ஆறுதலாக உண்ணும் மீன். உணவைப் பார்த்து, வாயில் எடுத்து, துப்பி, மறுபடி எடுக்கும். அதற்குள் தங்கமீன் எல்லாவற்றையும் முடித்துவிடும். அந்தத் தொட்டியில் நடந்ததும் இதுவே. உணவு போட்டார்கள்; டிஸ்கஸுக்குக் கிடைக்கவில்லை.

ஏஞ்சல் மீனும் அமேசன் பக்கத்து மீன்தானே, ஏன் கூடாது என்று கேட்பார்கள். கமக்காரருக்கு இதை விளக்குவது எளிது. கத்தரியில் வாடல் நோய் கண்ட தறையில் அடுத்த போகம் தக்காளி நடுவீர்களா? இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதையும் பிடிக்கும். ஏஞ்சலும் டிஸ்கஸும் அப்படியே. ஏஞ்சலின் குடலிலும் செவுளிலும் இருக்கும் ஒட்டுண்ணிகள் அதை அதிகம் வருத்தாமல் இருந்து, டிஸ்கஸுக்குத் தொற்றியதும் அதை வீழ்த்திவிடக் கூடும். உணவுக்கு முந்துவதும் ஏஞ்சலே.

கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் பெரிய பிளேக்கோ மீனைத் தொட்டியைத் துப்புரவாக்கும் என்று சொல்லி விற்பார்கள். டிஸ்கஸ் தொட்டிக்கு அது ஆகாது. டிஸ்கஸின் உடலில் ஊறும் வழுவழுப்பே அதன் கவசம். குஞ்சு பொரித்தபின் தாயும் தகப்பனும் குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் அதையே. பிளேக்கோ இரவில் அதன் விலாவில் ஒட்டி அந்த வழுவழுப்பை உறிஞ்சிப் புண்ணாக்கிவிடும். பாசி தின்னத்தான் வேண்டுமென்றால், சிறிதாகவே நின்றுவிடும் மீசைப் பிளேக்கோ ஒன்று போதும். செட்டை கடிக்கும் ரைகர் பார்ப் மீனையும் தவிர்க்க வேண்டும்.

அப்படியானால் எதைச் சேர்ப்பது? சூடான நீரைத் தாங்கும், அமைதியான, டிஸ்கஸின் வாய்க்குள் போகாத மீன்களை. கார்டினல் ரெட்ரா, செம்மூக்கு ரெட்ரா இரண்டும் நல்லவை. பத்துக்குக் குறையாமல், ஓரளவு வளர்ந்தவையாக வாங்குங்கள். பார்வைக்குக் கார்டினலைப் போன்ற நியோன் ரெட்ராவை வாங்கி ஏமாறவேண்டாம். அது குளிர்ந்த நீரை விரும்புவது, உருவிலும் சிறியது. அடித்தளத்துக்கு ஸ்டேர்பை கோரிடோரஸ் ஆறு விடலாம். விழுந்த உணவை அது பொறுக்கித் தின்னும். நம் தீவின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய செரி பார்ப், அமைதியான மீன்தான். எனினும் அதற்கு 28 பாகை நெடுங்காலம் ஒத்துவராது.

டிஸ்கஸுக்கு முதற் கூட்டாளி டிஸ்கஸ்தான். இரண்டு மூன்றாக விட்டால் வலியது எளியதை உண்ண விடாது துரத்தும். ஐந்தாறாக விட்டால் அந்தத் துரத்தல் பலருக்கும் பகிர்ந்து போகும். அதற்கு 200 லீற்றருக்குக் குறையாத தொட்டி வேண்டும். புதிதாக வாங்கும் எந்த மீனையும் மூன்று நான்கு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். அதற்கென வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, வாங்குமுன் வீட்டுக் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள் என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால், சவர்க்காரம் நுரைக்க மறுத்தால், உங்கள் கிணற்று நீர் வன்னீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறையில் வெட்டப்பட்டவை. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் ஓரளவு வன்னீரில் உயிர் வாழும்; ஆனால் அந்நீரில் முட்டைகள் பெரும்பாலும் பொரிப்பதில்லை. குஞ்சு பொரித்து விற்கும் எண்ணத்தோடு கடன் எடுப்பவர் இதை முதலில் அறிந்திருக்க வேண்டும். மாரி மழைநீரைச் சேமித்துக் கலக்கலாம். முதல் மழையை ஓடவிட்டு, ஓட்டுக் கூரையில் இருந்து எடுப்பது நல்லது. தகரக் கூரை நீரில் நாகம் கரைந்து வரும். அது மீனுக்கு நஞ்சு. சூடாக்கிக்கு ஏறும் மின்சாரக் கட்டணத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

வன்னீர் உள்ளவர்களுக்கு அந்த நீரையே விரும்பும் மீன்கள் உண்டு: கப்பி, மொலி, பிளட்டி, வாள்வால். சூடாக்கி வேண்டாம், நுளம்புக் குடம்பியைத் தின்றே வளரும், முட்டையிடாமல் குஞ்சே ஈனும். பிளட்டியையும் வாள்வாலையும் மட்டும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். அவை தமக்குள் கலந்து குஞ்சு போடும். இனம் கலந்த குஞ்சுக்கு வியாபாரி நல்ல விலை தரமாட்டார்.

நான் சொன்ன குடும்பம் இப்போது மூன்று சீமெந்துத் தொட்டிகளில் மொலியும் கப்பியும் வளர்க்கிறது. கடனில் பாதி அடைந்துவிட்டது. பழைய கண்ணாடித் தொட்டியில் பத்துப் பிளட்டிகள் இருக்கின்றன. அவை விற்பனைக்கு அல்ல, பிள்ளைகளுக்காம்.