மூன்றாம் ஆண்டில் பரிசு தரும் மலர்க்காட்சி

மலர்க்காட்சிக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகின்றனர். செடியின் அடியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் நடக்கும் ஐரிஸ் மலர்ப் போட்டியைக் கண்டபோது, அங்கே ரகங்களை மதிப்பிடும் முறை நம் விவசாயிகளுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

ஐரிஸ் நம் மஞ்சள், இஞ்சி போலக் கிழங்கிலிருந்து வளரும் செடி. இலைகள் வாள் போல நிமிர்ந்து நிற்கும். பூவில் மூன்று இதழ்கள் மேல்நோக்கியும், மூன்று கீழே தொங்கியும் இருக்கும். தொங்கும் இதழில் தாடி போன்ற மயிர் இருப்பதால் இதைத் தாடி ஐரிஸ் என்கின்றனர். பிளாரன்ஸ் நகரச் சின்னத்தில் உள்ள சிவப்புப் பூவும் ஐரிஸ்தான். வேடிக்கை என்னவெனில், அசல் சிவப்பு நிறத் தாடி ஐரிஸ் இன்றுவரை உருவாகவில்லை!

இப்போட்டி 1957-ல் தொடங்கியது. ஆலிவ் மரங்கள் நிற்கும் ஒரு குன்றுச் சரிவில் தோட்டம் அமைந்துள்ளது. பல நாட்டு ரக உற்பத்தியாளர்கள் இங்கே பூங்கொத்தை அனுப்புவதில்லை, கிழங்கை அனுப்புகின்றனர். எல்லாம் ஒரே தோட்டத்தில் நடப்பட்டு, மூன்றாம் ஆண்டுப் பூப்பின்போதுதான் மதிப்பிடப்படுகின்றன. ஒரு பூ எவ்வளவு அழகாயிருந்தாலும் போதாது. தண்டில் எத்தனை கிளை, எத்தனை மொட்டு, தண்டு சாயாமல் நிற்கிறதா, தூர் நன்கு கட்டியுள்ளதா என்பதெல்லாம் கணக்கில் வரும்.

அப்பகுதிச் சிறு விவசாயிகளுக்கு ஐரிஸ் வெறும் அழகுப் பூ அன்று. நிலத்தின் வரப்போரங்களில் நட்டு, மண் சரியாமல் காத்தனர். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கோடையில் கிழங்கைத் தோண்டி, கையால் தோல் சீவி, வெயிலில் காய வைப்பர். பச்சைக் கிழங்கில் மணமில்லை. உலர்ந்த கிழங்கைச் சில ஆண்டுகள் இருப்பு வைத்த பிறகே வாசனைத் திரவியத்துக்குரிய மணம் உண்டாகிறது. இத்தனை பொறுமை நம் மஞ்சள் வியாபாரிகளுக்குக் கூட இராது.

இனி, என் தவறு ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் மலை ஊர்க் காட்சி ஒன்றில் பூவில் மயங்கி, பன்னிரண்டு கிழங்குகள் வாங்கி வந்தேன். மஞ்சளைப் போலவே மண்ணில் புதைத்து, தினமும் நீர் ஊற்றினேன். ஒரு மாதத்தில் அத்தனையும் அழுகி நாற்றமெடுத்தன. தாடி ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயில் படும்படி மேலாக இருக்க வேண்டும். நீர் தேங்கினால் பாக்டீரியா அழுகல் நோய் வரும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கக் கிழங்குகளே அடுத்துப் பூக்கும். மேலும், நன்கு பூக்கக் குளிர்காலம் தேவை. சமவெளி விவசாயிகள் இதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

ஆனால் சம்பங்கிக் கிழங்கு வாங்கும்போது பிளாரன்ஸ் முறையைக் கையாளலாம். விற்பவர் காட்டும் பூவை வைத்து விலை பேசாமல், அதே ரகம் இரண்டாம், மூன்றாம் ஆண்டாக நிற்கும் வயலைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு உள்ளது என்று பொருள். அந்த வயலின் கிழங்கு வேண்டாம். நல்ல வயலிலிருந்து 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளாகப் பொறுக்கி, முதலில் இரண்டு பாத்திக்கு மட்டும் வாங்கி நட்டுப் பாருங்கள்.