இடி காதில் விழும் முன்பே

ஜூன் பிறந்துவிட்டால் ஃப்ளோரிடாவில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஒரு கடற்காற்று, கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து ஒன்று; இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் மளமளவென்று எழும்பும். தாம்பா பக்கத்துப் பூங்கா ஒன்றில் வார இறுதிகளில் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். அத்தனை பிள்ளைகளையும் வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்ற பொறுப்புதான் செயற்கைக்கோளின் மின்னல் படத்தைப் படிக்க வைத்தது.

2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16 செயற்கைக்கோளில்தான் ஜிஎல்எம் என்ற இந்த மின்னல் கருவி முதலில் போனது. இப்போது எங்கள் பக்கத்தைக் கவனிப்பது கோஸ்-19. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபடி நொடிக்கு 500 படம் எடுக்கிறது. மின்னல் பாய்கையில் கொதிக்கும் ஆக்ஸிஜன் 777.4 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிவிடும். அந்த ஒளியை மட்டும் வடிகட்டிப் பார்ப்பதால் பட்டப்பகலிலும் மின்னல் சிக்குகிறது. மேகத்துக்குள்ளேயே ஓடுவது, தரைக்கு இறங்குவது என்று பிரித்துச் சொல்லாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெரும்பாலான இடிமேகங்கள் முதலில் உள்ளுக்குள்தான் மின்னும். தரையைத் தொடுவது சில நிமிடம் கழித்துத்தான். எனக்கு வேண்டியது அந்தச் சில நிமிடம்.

படத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை. ஓரத்தில் 18:30 யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் கோடைக்காலத்தில் எங்களுக்கு மதியம் 2:30. கைக்கடிகாரம் 2:40 காட்டினால் அந்தப் படத்துக்குப் பத்து நிமிட வயது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புயல்மேகம் அதற்குள் ஆறேழு கிலோமீட்டர் நெருங்கியிருக்கும். கருவியிலிருந்து தரவு அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் நாம் இணையத்தில் பார்ப்பது ஐந்து நிமிட மின்னல்களைச் சேர்த்து, மேகப் படத்தின் மேல் வண்ணமாக ஒட்டி, அதற்கப்புறம் வெளியிடுவது.

அடுத்தது தூரம். வண்ணம் முடியும் ஓரத்திலிருந்து மைதானம் வரை விரலால் அளந்து, “இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கே” என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கருவியின் ஒரு கட்டமே குறைந்தது 8 கிலோமீட்டர். திரையில் 2 கிலோமீட்டர் கட்டங்களாக மெருகேற்றிக் காட்டுவதால் துல்லியமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும் என்னும்போது அந்த ஓரக்கோட்டை எல்லையாகப் பிடித்துக்கொள்வது ஆபத்து. நான் ஓரத்தை அப்படி நுணுக்கமாக அளப்பதில்லை. அடுத்தடுத்த படங்களில் வண்ணம் எந்தப் பக்கம் பரவுகிறது, எவ்வளவு வேகமாக அடர்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

இதோடு ஒரு கணக்கும் உண்டு. மட்டை, ஸ்டம்ப் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கார்களில் ஏற்றவே கால் மணி நேரம் ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் மேகம் அதற்குள் 10 கிலோமீட்டர் வந்துவிடும். ஆகவே மேகம் 10 கிலோமீட்டரை எட்டும்போது எல்லாரும் பாதுகாப்பாக உள்ளே இருக்க வேண்டுமானால், அது குறைந்தது 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே விசில் ஊத வேண்டும். “அங்கிள், ரெண்டே ஓவர்தான்!” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆட்டத்தில் இல்லாத ஒருவர் கையில்தான் படமும் விசிலும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

படம் வெறுமையாக இருந்தால்? எனக்கு அது எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள். நாள் முழுவதும் சராசரியாக 70 சதவீத மின்னலைப் பிடிக்க வேண்டும் என்பதே இந்தக் கருவிக்கு வகுத்த இலக்கு. அடர்ந்த மேகத்துக்கு அடியில் மின்னும் சிறு மின்னல் மேலே தெரியாமல் போகலாம். அதோடு, நம் தலைக்கு மேலேயே உருவாகும் மேகத்தின் முதல் மின்னல் அது விழும்வரை எந்தப் படத்திலும் இருக்காது. கடற்காற்றுகள் மோதும் எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. வெளியேறச் சொல்ல இந்தப் படம் போதும்; இருக்கச் சொல்ல இது போதவே போதாது. படம் என்ன காட்டினாலும் இடி ஒரு முறை காதில் விழுந்துவிட்டால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம்.

இந்தியாவில், ஊரில் வயலில் இறங்கும் அக்கா, “எங்களுக்கும் அதில் பார்த்துச் சொல்லேன்” என்றாள். கோஸ் வரிசையின் கண் இந்தியாவுக்கு எட்டாது. புனேயின் ஐஐடிஎம் வானிலை ஆய்வு நிறுவனம் தரை உணரிகளை வைத்து நடத்தும் ‘தாமினி’ செயலியை அவள் போனில் போட்டுவைக்கச் சொன்னேன். சுற்றிலும் 20, 40 கிலோமீட்டரில் மின்னல் இருந்தால் காட்டும்.

ஒதுங்கும் இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். பூங்காவில் சுவரில்லாமல் கூரை மட்டும் போட்ட கொட்டகை மழைக்குத்தான் உதவும், மின்னலுக்கு உதவாது. கட்டடம் இல்லையென்றால் உலோகக் கூரையுள்ள கார், கண்ணாடியை ஏற்றிவிட்டு. மரத்தடி கூடவே கூடாது.

மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும்போதுதான் பெற்றோரைப் பிடித்து வைப்பது கஷ்டம். புயல்மேகம் கடந்த பிறகும் அதன் பின்னால் நீளும் மேகத்தில் மின்னல் வெகுதூரம் ஓடும். 2017 அக்டோபர் 22 அன்று டெக்சாஸின் கிழக்கிலிருந்து கான்சாஸ் சிட்டி பக்கம் வரை 829 கிலோமீட்டர் ஓடிய ஒரே மின்னலை கோஸ்-16 பதிவு செய்தது. உலக வானிலை அமைப்பு அதை உலக சாதனையாக 2025இல் அறிவித்தது. அதனால் கடைசி இடியிலிருந்து முழுசாக 30 நிமிடம் காத்திருக்கிறோம். இருபத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டாலும் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்துதான் ஓடும்.