ஷாஃப்ட் வாங்கும் முன் அளவெடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மிச்சிகன் பட்டறைக்கு வந்திருக்கும் அந்த நீளமான பிக்கப்புக்கு எஃகு டிரைவ் ஷாஃப்ட் போடுவதா, அலுமினியம் போடுவதா என்று கேட்டிருந்தாய். எடை குறைந்தால் வண்டி சீறும் என்று வண்டிக்காரர் சொல்கிறாராம். அந்தக் காரணத்தை முதலில் ஒதுக்கிவிடு. ஷாஃப்ட் ஒல்லியான குழாய். அதன் எடை முழுக்கச் சுழல் அச்சை ஒட்டியே இருக்கிறது. சக்கரங்களைச் சுழற்ற ஆகும் சக்தியோடு பார்த்தால் இதில் மிச்சமாவது அற்பம்.

நீ கேட்கவேண்டியது வேறு: எந்த வேகத்தில் இந்தக் குழாய் நடுவில் வளைந்து ஆடத் தொடங்கும்? அதுதான் கிரிட்டிக்கல் ஸ்பீடு. குழாயின் நீளம் இரட்டித்தால் அது நாலில் ஒரு பங்காக விழும். விட்டம் கூடக்கூட உயரும். உலோகத்தை மாற்றினால்? அலுமினியத்தின் எடை எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகிறது. ஒரே நீளம், ஒரே விட்டம் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஆடும். அலுமினியத்தின் பலன் பருமனில் இருக்கிறது: 5 அங்குலக் குழாயாக்கினாலும் அதிகம் கனக்காது. சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டு எஃகு ஷாஃப்டை எடுத்துவிட்டு ஒரே துண்டு அலுமினியம் போட முடிவது இதனால்தான். அந்தப் பருமன் கொள்ள வண்டிக்கு அடியில் இடமிருக்கிறதா என்று, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையில் பார்.

ஓட்டத்தில் ஷாஃப்ட் அந்தக் கிரிட்டிக்கல் ஸ்பீடை நெருங்குகிறதா என்று கணக்குப் போட்டுப் பழகு. 31 அங்குல டயர், 4.10 ஆக்ஸில் விகிதம், மணிக்கு 75 மைல் என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 3,330 சுற்று. ஓவர்டிரைவில் என்ஜினைவிட ஷாஃப்ட்தான் வேகமாகச் சுற்றும். டேக்கோமீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதே.

பாறைக்காட்டில் ஏறும் வண்டியாக இருந்தால் யோசிக்காமல் எஃகு என்பேன். கல்லில் இடித்தால் அலுமினியம் சுலபமாக நசுங்கும். நசுங்கிய குழாய் முறுக்குத் தாங்காது.

உங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. ஷாஃப்டின் நுனியிலுள்ள அலுமினிய யோக்கின் காதுக்குள் யூ-ஜாயின்ட் கிராஸின் எஃகுக் கப் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி கட்டி, கப் இறுகிவிடும். சுத்தியலால் அடித்தால் காது விரியும். அப்புறம் புதுக் கிராஸ் போட்டாலும் கப் பிடிப்பாக நிற்காது. டார்ச்சும் காட்டாதே, சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும். பிரஸ் வைத்து நிதானமாக எடு. பூச்சுள்ள கப் கொண்ட கிராஸையே கேட்டு வாங்கு.

உன்னிடம் இருப்பது நெடுஞ்சாலை வண்டி. கணக்கும் இடமும் ஒத்துவந்தால் ஒரே துண்டு அலுமினியம் நல்ல தேர்வுதான். ஆனால் வண்டியில் அதிர்வு இருந்தால், அது இப்போதுள்ள ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்ததாலோ, சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்ததாலோ, வண்டியை உயர்த்தியதில் கோணம் மாறியதாலோ வரலாம். இந்த மூன்றையும் பார்க்காமல் வண்டிக்காரரிடம் புது ஷாஃப்டுக்குக் காசு வாங்காதே.

அன்புடன்,
அண்ணன்