மொழியின் சுதந்திரமும் பொறியின் வேகமும்

பொருள்நோக்குக் கணினி மொழிகளைப் பயிலும் மாணவர் உள்ளத்தில் வினாவொன்று எழுதல் இயல்பு. எழுதுதற்கு எளிதாய் அமைந்த மொழி, இயங்குங்கால் மந்தமாய் இருப்பது ஏன்? அம்மொழியின் இனிமை கெடாமல் வேகம் மிகுந்த கிளைமொழி ஒன்றை ஆக்குதல் கூடுமா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உச்சமுனைக் கரையிலிருந்தே உதாரணம் கொள்வோம். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் அமைந்த அவ்வூரில், ‘புறப்படு’ என்னும் ஏவலை இயந்திர வள்ளத்துக்கும் இடலாம். துடுப்புத் தோணிக்கும் இடலாம். ஏவல் ஒன்று, அதனை நிறைவேற்றும் முறை இரண்டு. பொருள்நோக்கு மொழியின் உயிர்நாடி இதுவே. ஆயின், ஏவலைப் பெறுவது எவ்வகைப் பொருள் என்பது செய்நிரல் ஓடும்போதுதான் தெரியுமெனின், உரிய முறையை அப்போதே தேடவேண்டும். பத்து இலட்சம் முறை ஏவினால் பத்து இலட்சம் முறை தேடல் நேரும். மந்தத்துக்கு இஃது ஒரு தலையாய காரணம்.

இத்தேடலைக் குறைக்க வழிகள் இரண்டு உள. முதலாவது, ஓடுமுன்னரே தீர்மானித்தல். யப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி மொழியின் சாயலில் அமைந்த கிறிஸ்டல் இவ்வழியைச் சார்ந்தது. 1.0 பதிப்பாக 2021இல் வெளிவந்த அதன் தொகுப்பான், செய்நிரல் முழுவதையும் ஆராய்ந்து, ஒவ்வொரு பெயரும் எவ்வகைப் பொருள்களைக் குறிக்கும் என உய்த்துணர்ந்து, இயந்திர மொழியாக முன்கூட்டியே மாற்றிவிடுகின்றது. ஆனால், ஓடிக்கொண்டிருக்கையிலேயே வகுப்புகளைத் திருத்தும் ரூபியின் சுதந்திரம் இங்கு இல்லை. எனவே, ரூபியில் எழுதிய செய்நிரல்கள் பல இதில் மாற்றமின்றி ஓடா.

இரண்டாவது, ஓட்டத்தைக் கவனித்துக் கற்றல். ஸ்மோல்டோக் மொழிக்கு 1990களில் ஸ்ட்ரோங்டோக் என்னும் கிளைமொழி தோன்றிற்று. பொருளின் வகையைக் குறிப்பிடுதல் அதில் எழுதுவோர் விருப்பம். வேகமோ அக்குறிப்புகளைச் சார்ந்ததன்று. ஓரிடத்துக்கு வள்ளமே திரும்பத் திரும்ப வருவதைப் பொறி கண்டுகொண்டால், வள்ளத்துக்குரிய முறையை அவ்விடத்திலேயே பதித்து, ‘வந்தது வள்ளந்தானா?’ என்ற சிறு சோதனையை முன்னே வைக்கும். தோணி வந்தால் பழைய தேடலுக்குத் திரும்பும். சுதந்திரம் குறையவில்லை, தொடக்கத்தில் மந்தமும் நினைவகச் செலவுமே அதற்குரிய விலை.

ஸ்ட்ரோங்டோக்கை ஆக்கிய நிறுவனத்தை 1997இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அவ்வறிவு ஜாவாவின் ஹொட்ஸ்பொட் பொறியிற் புகுந்து 1999இல் உலகுக்குக் கிடைத்தது. நம் நாடும் அப்பயனைப் பெற்றுள்ளது. இலங்கையரான சஞ்சீவ வீரவரண 2005இல் பிறருடன் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் உருவான பலரினா மொழி, முதலில் தனக்கென ஒரு மெய்நிகர் பொறியைக் கொண்டிருந்தது. 2019இல் வெளிவந்த 1.0 பதிப்போ, ஜாவாப் பொறிக்குரிய குறிமுறையாகத் தொகுக்கப்பட்டது. இதனால், பிறர் பல்லாண்டு உழைத்துப் பெற்ற வேகத்தை அம்மொழி எளிதிற் பெற்றுக்கொண்டது.

ஆகவே, கிளைமொழி வகுக்க விழையும் மாணவர், தாய்மொழியின் சுதந்திரங்களை முதலில் வரிசைப்படுத்துக. அவற்றுள் எவை செய்நிரல்களில் உண்மையாகவே பயன்படுகின்றன என அளந்தறிக. பயன்படாதவற்றை முன்னரே விலக்கலாம்; பயன்படுபவற்றை விலக்கினால், முன்னோர் எழுதிவைத்த செய்நிரற் செல்வமும் உடன் கைவிட்டுப் போகும் என்பதை மறவாதிருத்தல் நன்று.