காணா உயிரும் கலைஞனின் கோலும்

குடவாசற் பகுதி காவிரியின் கிளையாறுகள் பாயும் நெல்வளம் மிக்க நாடு. அங்கு உழவர் இல்லங்களில், இரவில் எஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைப்பர். விடியலில் அது புளிப்பேறிப் பழையசோறாகும். அரைத்து வைத்த மாவும் அவ்வாறே ஓரிரவிற் பொங்கி நிற்கும். இம்மாற்றத்தைச் செய்வன யாவை? கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே. உயிர்களின் ஆற்றலை மனிதன் தன் தேவைக்குப் பயன்படுத்தும் முறையை இக்காலத்தார் உயிரித் தொழில்நுட்பம் என்பர். பெயர் புதிது, செயலோ பழையது. அச்செயல் அடுக்களையோடு நின்றுவிடவில்லை. ஓவியனின் பட்டறையினுள்ளும் புகுந்து கலைக்குத் துணைநின்றது. அது எவ்வாறு என்பதைக் காண்போம்.

குடவாசலுக்கு அணித்தேயுள்ள கும்பகோணத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கலம்காரி என்னும் துணியோவியக் கலை வழங்கி வருகின்றது. கலம் என்பது பாரசீக மொழியில் எழுதுகோலைக் குறிக்கும். காரி என்பது வேலை. மூங்கிற் குச்சியைச் சீவி, அதன்மேல் துணியோ கம்பளி நூலோ சுற்றி, அதனைச் சாயத்தில் தோய்த்துப் பருத்தித் துணியில் ஓவியம் தீட்டுவர். தேரிலே தொங்கும் தொம்பைகளும், கோயில் விதானங்களும், வாயிற் தோரணங்களும் இவ்வாறு உருவாயின. சிக்கல்நாயக்கன்பேட்டையில் இக்கலையைக் கைவிடாத குடும்பத்தார் உள்ளனர். 2021-ஆம் ஆண்டில் ‘கருப்பூர்க் கலம்காரி’ என்ற பெயரில் இக்கலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இவ்வோவியத்தின் கரிய கோடு எவ்வாறு பிறக்கின்றது? துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் பனைவெல்லத்தையும் நீரிலிட்டு, ஒரு பானையிற் பல நாள் மூடி வைப்பர். நுண்ணுயிர்கள் வெல்லத்தை உண்டு பெருகி, அதனைப் புளிக்கச் செய்யும். அப்புளிப்பில் இரும்பு சிறிது சிறிதாகக் கரையும். துணியையோ முன்னரே கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்து உலர்த்தியிருப்பர். கடுக்காயின் துவர்ப்பும் கரைந்த இரும்பும் கூடுமிடத்தில் அழியாத கருமை தோன்றும். பாலின் கொழுப்போ, தீட்டிய கோடு பரவாமற் காக்கும். கடுக்காய் மரத்திலிருந்தும், பால் பசுவினிடமிருந்தும், புளிப்பு நுண்ணுயிரினிடமிருந்தும் வந்தன. எனவே ஒரு கோட்டினை வரைய ஓவியனுக்கு மூவகை உயிர்கள் உதவின எனலாம்.

நீலத்தின் வரலாறு இதனினும் வியப்புடையது. அவுரி இலையை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்கினால், நீலம் வண்டலாகப் படியும். ஆனால் அந்நீலம் நீரிற் கரையாது. கரையாத நிறம் நூலினுள் எங்ஙனம் ஏறும்? நம் முன்னோர் இதற்கொரு வழி கண்டனர். நீலத்தைச் சுண்ணாம்பு நீரிலிட்டு, வேகவைத்த தகரை விதையையும் சேர்த்து, சாலின் வாயை மூடிவைத்தனர். நுண்ணுயிர்கள் விதையை உணவாகக் கொண்டு பெருகி, நீலத்தை நீரிற் கரையும் மஞ்சள்நிறப் பொருளாக மாற்றின. சோழமண்டலக் கரையின் பழைய ஓவியத் துணிகளில், நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடிய பின்னரே துணியைச் சாலில் தோய்த்தனர். வெளியே எடுக்கும்போது பசுமஞ்சளாயிருந்த துணி, காற்றுப்பட்டதும் காண்போர் கண்முன்னே நீலமாயிற்று.

சாயக்காரர் நுண்ணுயிரைக் கண்டதில்லை. அதன் பெயரையும் கேட்டதில்லை. ஆயினும், மணத்தாலும் நுரையாலும் சாலின் நிலையை உணர்ந்தனர். சால் சோர்ந்தால் அதற்கு இரையிட்டனர். கன்றைப் பேணுவது போல அதனைப் பேணினர்.

புளிப்பேறுதல் உயிர்களின் செயல் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவர் இளமையில் வண்ணக்கோல் கொண்டு உருவப்படங்கள் தீட்டியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், பல்வேறு நிறமுடைய நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றையே வண்ணமாகக் கொண்டு சிறு படங்கள் அமைத்து மகிழ்ந்தார். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு நுண்ணுயிரின் மரபணுக்களை மற்றொன்றினுட் புகுத்தி, அதனையே நீலம் உண்டாக்கும்படி செய்தனர். அவுரி இலையின்றியே நீலம் பிறந்தது!

அறிவியல் இவ்வாறு வளர்ந்து வருகையில், நம் பட்டறைகளில் நேர்ந்தது யாது? கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள கோடாலிக்கருப்பூரில், பொன்னிழை ஊடாடிய மெல்லிய துணியில் மெழுகெழுதிச் சாயமேற்றிய அரிய சேலைகள் தஞ்சை மராத்திய மன்னர்க்கென உருவாயின. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் மகவின்றி மறைந்தார். நாடு கம்பெனியார் கைக்குச் சென்றது. ஆதரிப்பாரின்றி அச்சேலைத் தொழிலும் நாளடைவில் மறைந்தது. 1897-இல் செருமனியிலிருந்து செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின், அவுரி பயிரிடுதலும் குன்றியது.

ஏடு அழிந்தாலும் வேறொரு படி எங்கேனும் கிடைக்கக்கூடும். கைவினை அறிவோ அத்தகையதன்று. அது தந்தை செய்யக் கண்டு மைந்தன் கற்பது. ஒரு தலைமுறை இடையில் நின்றுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எட்டாது. கருப்பூர்ச் சேலையை இன்று அருங்காட்சியகத்திற் காணலாம். அதனைச் செய்த கைகளின் பக்குவத்தை எங்குச் சென்று காண்பது?

ஆய்வுக்கூடம் நுண்ணுயிரின் பெயரையும் இயல்பையும் அறியும். பட்டறை அதனைப் பேணும் பக்குவத்தை அறியும். ஒன்றையொன்று இகழ்தல் தகாது. ஆய்வறிஞர் சாயப்பானையின் அருகமர்ந்து கற்பதும், கைவினைஞர் தம் மக்களை அறிவியல் பயிலச் செய்வதும் நாட்டிற்கு நலம் பயக்கும். குடவாசல் வீட்டுப் பழையசோற்றுப் பானையில் தொழிற்படும் ஆற்றலே கோயில் தொம்பையின் கருங்கோட்டையும் தந்தது என்பதை உணரும் மாணவன், அறிவியலையும் கலையையும் இருவேறு நாடுகளாக எண்ணான்.