பளபளப்புக்கு அடியில் பாருங்கள்

கார்வெட் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம், அந்தக் காரின் மேலுடம்பு துருப்பிடிக்காது என்பதுதான். 1953-ல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 300 கார்களோடு செவர்லே தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை மேற்பகுதி ஃபைபர் கிளாஸோ அதன் வழிவந்த கலப்புப் பொருளோதான். ஐம்பது வருடம் வெட்டவெளியில் கிடந்த வண்டியைக்கூடப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கல்யாணப் பெண்போல நிற்கும். அடியில் இருக்கும் சேசிஸோ எஃகு. அது தன் பாட்டுக்கு அரித்துக்கொண்டே இருக்கும். பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி வாங்கிப் பழகியதில் நான் கற்றவற்றில் பாதி, இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

நான் இருப்பது ஒஹாயோவில். பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலம். அதனால் பழைய கார் என்றால் என் கண் அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம்தான் போகும். அங்கே வெயில் டாஷ்போர்டை வெடிக்க வைக்கும், சீட்டையும் ரப்பரையும் பாழாக்கும். போகட்டும். அறுபதுகளின் கார்வெட்டுக்கு சீட் துணி, ரப்பர், விளக்கு எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். எஃகு போனால்தான் வேலை பெரிது.

1963 முதல் 1982 வரையிலான கார்களில் இரண்டு இடங்களைப் பார்க்காமல் நான் விலையே பேசுவதில்லை. ஒன்று, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேசிஸ் மேல்நோக்கி வளையும் இடம். நீரும் மண்ணும் தேங்கி உள்ளிருந்து அரிக்கும் இடம் அது. காரை லிஃப்டில் ஏற்றிச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல எஃகு கணீரென்று பதில் சொல்லும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். லிஃப்டில் ஏற்றச் சம்மதிக்காதவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஃபைபர் கிளாஸுக்குள் மறைந்து நிற்கும் எஃகுக் கூண்டு. விண்ட்ஷீல்டையும் கதவுகளையும் அதுதான் தாங்குகிறது. கண்ணாடி ஓரத்தில் கசியும் தண்ணீர் அந்தக் கூண்டின் கால்கள் வழியாகவே இறங்கும். கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கூண்டைச் சரிசெய்ய மேலுடம்பையே பிரிக்க வேண்டிவரலாம். சாதாரண எழுபதுகளின் கார் ஒன்றுக்கு அந்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடும்.

விபத்தின் தடயம் கண்டுபிடிக்கக் காந்தம் உதவாது, ஃபைபர் கிளாஸில் ஒட்டாதே! சக்கரத்துக்கு மேலே, உள்பக்கமாகத் தடவிப் பார்ப்பதுதான் வழி. தொழிற்சாலைப் பலகங்கள் அச்சில் அழுத்திச் செய்தவை, உள்பக்கமும் வழுவழுப்பாக இருக்கும். பிறகு கையால் செய்து ஒட்டியது சொரசொரக்கும்.

அடுத்தது நம்பர். கார் பிறந்தபோது இருந்த அதே இன்ஜின் இன்னும் இருந்தால் மதிப்பு எங்கேயோ போகும். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு சிறு சமதளம் உண்டு. இன்ஜின் வகைக் குறியீடும் அறுபதுகளிலிருந்து காரின் வரிசை எண்ணும் அங்கே அடித்திருக்கும். பணம் புழங்கும் இடத்தில் போலியும் புழங்கும். 1967-ல் எல்88 என்ற 427 கன அங்குல இன்ஜினோடு வந்தவை 20 கார்கள்தான். அவற்றில் ஒன்று 2014-ல் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. இப்படி விலை இருந்தால், சமதளத்தைச் சீவி வேறு எண் அடிக்கத் துணிகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? தொழிற்சாலையில் சீவிய பரப்பில் முன்னும் பின்னுமாக ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். அவை இல்லாமல் கண்ணாடிபோல வழவழத்தாலோ, கோடுகள் குறுக்கே ஓடினாலோ நான் கையை எடுத்துவிடுவேன். பிளாக்கில் வார்ப்புத் தேதியும் இருக்கும். கார் கட்டிய தேதிக்குப் பிந்தி வார்த்த இன்ஜின் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

1972-க்கு முந்தைய கார்களின் அடையாள எண்ணான வின், எந்த இன்ஜின் என்று சொல்லாது. காகிதம்தான் சாட்சி. 1967-லிருந்து தயாரிப்பு விவரத் தாள் ஒன்றைப் பெட்ரோல் டேங்கின் மேலேயே ஒட்டி அனுப்பினார்கள். அது தப்பிப் பிழைத்திருந்தால் பொக்கிஷம். கண் பழக வேண்டுமானால் ஆகஸ்டு மாதம் பென்சில்வேனியாவின் கார்லைலில் கார்வெட்டுகளுக்கென்றே கூடும் பெரிய சந்தைக்குப் போங்கள். அசல் கார்களைக் குனிந்து குனிந்து பார்த்தவருக்குத்தான் போலி கண்ணில் உறுத்தும்.

இவ்வளவு சொன்னாலும், ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது இன்ஜின் மாறிய காரைத்தான். விலை கணிசமாகக் குறையும். மனத்தில் பயமில்லாமல் நெடுஞ்சாலையில் விடலாம். 1963-ன் இரட்டைப் பின்கண்ணாடிக் கார் அழகுதான், மறுக்கவில்லை. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் அந்த நடுப்பட்டைக்காகப் பிடிவாதம் பிடித்தார்; பின்னால் பார்வை மறைக்கிறது என்று பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் எதிர்த்தார். மறு வருடமே பட்டை போயிற்று. அந்தப் பட்டைக்குத்தான் இன்று இவ்வளவு விலை. 1965-ல் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. என் மனம் அந்த வருடத்துக் காரிடம்தான். அதன் பழைய பிரேக் காலிப்பர்கள் ஓடாமல் நின்றால் கசியும். துருப்பிடிக்காத எஃகு உறை போட்டவையா என்று கேட்டு வாங்குங்கள்.

"சேகரிக்கவே செய்தது" என்று நிறுவனமே சொல்லும் கார் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. 1978-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் நினைவாகக் கறுப்பும் வெள்ளியுமாக 6,502 கார்கள் வந்தன. ஏராளமானோர் வாங்கி, ஓட்டாமல், உறைகூடப் பிரிக்காமல் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எங்கிருந்து அருமை வரும்? இன்றும் ஓடாத வண்டிகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. விலை எதிர்பார்த்தபடி ஏறவில்லை.

புதிய தலைமுறைக் கார்களில், குறைந்த பணத்தில் அதிகம் தருவது 1997 முதல் 2004 வரை வந்த சி5. 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8, தொடக்கத்தில் 345 குதிரைத்திறன். இன்ஜினுக்கு ஆயுசு கெட்டி. முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி ஆடுகிறதா என்று இன்ஜின் ஓடும்போது பாருங்கள். ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒதுங்குங்கள், அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி கிடைப்பது பெரும்பாடு. சி6 தலைமுறையின் இசட்06-ல் 7 லிட்டர், 505 குதிரைத்திறன் எல்எஸ்7 இருக்கிறது. அதன் வால்வு கைடுகள் சீக்கிரம் தேய்வது ஊரறிந்த குறை. ஹெட்டைக் கழற்றிச் சரிபார்த்த ரசீது கேளுங்கள். 2020-ல் இன்ஜினை நடுவுக்குக் கொண்டுவந்த சி8 அற்புதமான வண்டி. ஆனால் மிக நிறையச் செய்கிறார்கள். ஓட்டிச் சந்தோஷப்பட வாங்குங்கள், முதலீடாக எண்ணாதீர்கள்.

மைல் குறைவாக ஓடிய கார் என்று யாராவது பெருமை பேசினால் முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2309 என்றால் 2009-ன் 23-வது வாரம். பட்டன் எல்லாம் ஆழமாக இருக்கும். ரப்பர் இறுகிப் போயிருக்கும். அதில் ஏறி வேகம் பார்ப்பது உயிரோடு விளையாட்டு. வருடா வருடம் கொஞ்சம் ஓடி, ரசீதுகளோடு வரும் வண்டிக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

காப்பீட்டில் மட்டும் சாதாரண பாலிசி வேண்டாம். தேய்மானம் கழித்துத்தான் அவர்கள் தருவார்கள். பழைய கார்களுக்கென்று, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையை முழுசாகத் தரும் பாலிசிகள் உண்டு. வருடத்துக்கு எத்தனை மைல், எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். மதிப்பீட்டுச் சான்றையும், கீழ்ப்பக்கம் உட்பட எடுத்த படங்களையும் வாங்கிய வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். விலை ஏறும் மாடலாக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொகையைத் திருத்தச் சொல்லுங்கள்.