கல்கி எப்படிக் 'கர்நாடகம்' ஆனார்?

கேள்வி:

ஐயா, நான் ஒரு வாரப் பத்திரிகைக்கு மாத்தளைப் பகுதித் தோட்டச் செய்திகளை அனுப்பி வருகிறேன். லயக் குடியிருப்பின் கூரை ஒழுகுவது, தண்ணீர் வராதது, நிலுவைச் சம்பளம், பாதை உடைந்து பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாதது, இவைதான் என் எழுத்து. 2023 ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த நடைபயணத்தின் கடைசி நாள் நானும் கூட நடந்தேன். வழியில் தப்பு மேளம் அடித்தார்கள். வயதான ஒரு அம்மா நடந்தபடியே பாடினார். எத்தனை பேர் வந்தார்கள், என்ன கோரிக்கை என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். அந்தப் பாட்டை மட்டும் எழுதவில்லை. பிறகு கேட்டுப் பார்த்தபோது, "பாட்டைப் பற்றிச் சங்கீதம் தெரிந்தவர்கள் எழுதட்டும், நீ செய்தியைப் பார்" என்று சொல்லிவிட்டார்கள்.

நாட் ஹென்டாஃப் என்ற அமெரிக்கரைப் பற்றி அண்மையில் படித்தேன். பேச்சுரிமைக்காக ஓயாமல் எழுதிய பத்திரிகையாளர், ஜாஸ் இசை விமர்சகரும்கூட. தமிழில் அப்படி ஒருவர் இருந்தாரா? இசை படிக்காத ஒரு நிருபர் இசையைப் பற்றி எழுதலாமா?

வாசகி, மாத்தளை

பதில்:

இருந்தார், தங்கச்சி. அவரை நீங்கள் நிச்சயம் படித்திருப்பீர்கள், வேறொரு காரணத்துக்காக. 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கிதான் அவர். வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடியதில் அவருடைய பத்திரிகை வாழ்க்கையை நாம் பாதி மறந்துவிட்டோம், இசை விமர்சனத்தை முழுவதுமே மறந்துவிட்டோம்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899இல் மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலம் என்ற சிற்றூரில் பிறந்தவர். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1921இல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளி இறுதிப் பரீட்சையை விட்டுவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறை. வெளியே வந்து திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணையாசிரியராகச் சேர்ந்தார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு இருந்து, மதுவிலக்குக்காகவே நடந்த 'விமோசனம்' பத்திரிகையில் உழைத்தார். 1930இல் மறுபடியும் சிறை, இம்முறை ஆறு மாதம். 1941இல் மூன்றாவது முறை. சம்பளப் பாக்கிக்காக எழுதும் உங்களுக்கு அந்த 'விமோசனம்' நாட்கள் அந்நியமாக இருக்காது. சாராயக்கடைக்குப் போகும் கூலிக் காசு வீட்டுக்கு வராத கதை, அந்த ஊரிலும் உங்கள் தோட்டத்திலும் ஒன்றுதான்.

இந்த மனிதர்தான் 1930களில் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னில் அமர்ந்து, 'ஆடல் பாடல்' என்ற பகுதியில் கச்சேரிகளையும் நாட்டியத்தையும் பற்றி எழுதத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் 'கர்நாடகம்'. பழைய காலத்து ஆசாமியைச் 'சுத்தக் கர்நாடகம்' என்போமல்லவா? அந்தக் கேலிச் சொல்லையே எடுத்துத் தனக்குச் சூட்டிக்கொண்டார். வித்துவான் என்றோ சாஸ்திரம் தெரிந்தவன் என்றோ அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவனின் இடத்திலிருந்தே எழுதினார்.

உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கல்கி போராட்டத்தில் களைத்துப்போய்ப் பாட்டுக்கு ஒதுங்கவில்லை. கள்ளுக்கடை வாசலில் நின்று கேட்ட கேள்வியைத்தான் அவர் சபா வாசலிலும் கேட்டார்: இது யாருக்காக நடக்கிறது? எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இதனால் என்ன கிடைக்கிறது? நிருபராக இருந்து பழகியவர் என்பதால் மேடையை மட்டும் பார்க்கவில்லை. மண்டபத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தார். சபா வாசற்படியே மிதித்திராதவர்களும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு படித்தார்கள். சிரித்து முடிக்கும்போது ஒரு ராகத்தின் பெயர் அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது.

அந்தக் கேள்வியை அவர் விடாமல் துரத்தியதால்தான் தமிழிசைச் சண்டையில் நடுவே போய் நின்றார். அந்த நாளில் கச்சேரியில் பெரும்பகுதி தெலுங்கும் சமஸ்கிருதமுமான கீர்த்தனைகள். தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில், ஆட்கள் எழும்பிப் போகத் தொடங்கும் நேரத்தில், துக்கடாவாக ஓர் இடம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் மாநாடு கூடித் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் கேட்டது. சென்னையின் மியூசிக் அகாடமியும் பெயர்பெற்ற வித்துவான்கள் பலரும் எதிர்த்தார்கள். கல்கி தமிழிசைப் பக்கம் நின்று கட்டுரைக்கு மேல் கட்டுரையாக எழுதினார். தான் தினமும் பழகிய, தான் மனமார ரசித்த ஆட்களையே எதிர்த்து எழுத வேண்டியிருந்தது. தியாகராஜரை அவர் குறைத்துப் பேசவில்லை. சொல் விளங்கினால் பாட்டு இன்னும் ஆழமாக இறங்கும் என்பதே அவர் கட்சி. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. இசைக் கட்டுரைகள் சில 'சங்கீத யோகம்' என்ற நூலாக வந்திருக்கின்றன, கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த விமர்சகரின் காது கதைக்குள்ளும் போய்விட்டது. 1944இல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில் ஒரு நாட்டியக்காரியை நடுவில் வைத்துப் பல்லவர் காலத்தையே சுழலவிட்டார். பத்தாண்டுக்கு மேல் ஆட்ட மேடைக்கு எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்காவிட்டால் அந்தச் சிவகாமி கிடைத்திருக்கமாட்டாள் என்பது என் எண்ணம்.

அவரிடம் எனக்கு ஒத்துப்போகாத ஒன்றும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1941இல் விகடனை விட்டு விலகி, நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார். 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடமேற்று எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற பணம்தான் அதற்கு முதலானது. சதாசிவத்தின் மனைவிதான் எம்.எஸ். அவர் நடித்து 1945இல் வெளிவந்த 'மீரா'வுக்குக் கல்கி பாட்டும் எழுதினார். 'காற்றினிலே வரும் கீதம்' அவருடையதுதான். அந்தப் பாட்டை இன்று கேட்டாலும் என் கண் நனையும். ஆனால் ஒரு பாடகியின் உழைப்பில் நடக்கும் பத்திரிகையில் அவருடைய கச்சேரியைப் பற்றி விமர்சகர் எழுதும்போது, வாசகர் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நீங்களும் உங்கள் உறவுக்காரர் அடிக்கும் தப்பைப் பற்றி எழுதினால், உறவு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சபாவையும் நாட்டிய மேடையையும் கேட்ட அந்தக் காது, தப்புச் சத்தம் கேட்கும் தெருவுக்குள் போய்க் குடியிருக்கவில்லை. அதற்கு நம் இலங்கைக்குத்தான் வர வேண்டும். கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்தவர். தோட்டத்துக்குள் வெளியாட்கள் கால்வைக்க முடியாத நாளில் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே போய் நிலைமையைப் பார்த்தவர். கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகை நடத்தியவர், பின்னால் அட்டனில் தொழிற்சங்கம் கண்டவர். பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாத இடத்தில் பத்திரிகை எத்தனை பேருக்குப் போய்ச் சேரும்? அவரும் மனைவி மீனாட்சியம்மையும் மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் பாட்டெழுதிச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டார்கள். கூட்டம் தொடங்குமுன் மீனாட்சியம்மை எழுந்து பாடுவார். செய்தி பாட்டாகித் தோட்டத்துக்குள் போயிற்று. பிறகு வந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947 நாடாளுமன்றத்தில் தலவாக்கலை உறுப்பினராக இருந்தவர், தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். இவர்களில் யாரும் சங்கீத பூஷணம் பட்டம் வாங்கியவர்கள் இல்லை.

ஹென்டாஃப் எதிர்த் திசையில் வந்தவர் என்று சொல்லலாம். முதலில் 'டவுன் பீட்' என்ற ஜாஸ் இதழில் எழுதினார். 1958 முதல் ஐம்பது ஆண்டுகள் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் உரிமைகளைப் பற்றி எழுதினார். 1960இல், கறுப்பின மக்களின் விடுதலையை முழங்கிய ஜாஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் இசைத்தட்டு ஒன்றைத் தயாரித்து வெளிக்கொண்டுவந்ததும் அவர்தான். 2004இல் அமெரிக்க அரசு ஜாஸ் மேதைகளுக்குத் தரும் விருதை, இசைக் கலைஞராக இல்லாத ஒருவராக முதன்முதலில் பெற்றார். ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையை எழுதுகிறவர் அந்தக் கூட்டத்தின் பாட்டைக் காதில் வாங்காமல் இருக்க முடியாது. உங்களுக்கும் அதுதான் அந்த வழியில் நடந்திருக்கிறது.

அப்படியானால் படிக்காமலே எழுதலாமா? கூடாது. கல்கி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவர். நீங்களும் கேட்க வேண்டும், நிருபர் வேலையில் கேள்வி கேட்பதைப் போலவே. தப்பை ஏன் நெருப்பில் காட்டிச் சூடாக்குகிறார்கள்? தோல் இறுகி ஓசை எப்படி மாறுகிறது? ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி, இரண்டுக்கும் என்ன வேலை? சாவு வீட்டு அடியும் சாமி அடியும் காமன் கூத்து அடியும் எந்த இடத்தில் பிரிகின்றன? விடியலில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பிய அடி யாருக்காவது இன்னும் நினைவிருக்கிறதா? இவற்றை அடிக்கிறவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். கூடவே, இசைப் பண்டிதர்கள் கேட்காததையும் கேளுங்கள். யாருடைய சாவுக்கு யார் அடிக்க வேண்டியிருந்தது, வாசலுக்கு எவ்வளவு தூரத்தில் நிறுத்தினார்கள், கூலி என்ன, பேரப்பிள்ளை அந்தத் தப்பைக் கையில் எடுக்க ஏன் மறுக்கிறான், அல்லது ஏன் பெருமையாக எடுக்கிறான். இவை இல்லாமல் தப்பைப் பற்றிய எந்த விமர்சனமும் பாதிதான்.

சங்கீதம் தெரிந்தவர்களுக்கு லயம் என்றால் தாளத்தின் ஓட்டம். உங்களுக்கு லயம் என்றால் ஒழுகும் கூரை. இந்த இரண்டையும் அறிந்து எழுதுகிற ஆள் நமக்கு மிக அரிது, அதனால்தான் உங்களை விடாமல் வற்புறுத்துகிறேன்.

இடத்துக்கும் உங்களுக்குக் குறைவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியெல்லாம் ஆட்களைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் மலையைக் கண்டது உங்கள் ஊரில்தான். அதனால்தான் அவர்கள் வருகையின் 200 ஆண்டு நினைவாக நீங்கள் கலந்துகொண்ட நடையும் அங்கே வந்து முடிந்தது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என்று எழுத்தாளர்கள் ஊரையே பெயரில் ஏற்றிக்கொண்ட மண் அது. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது நாதஸ்வரத்தோடு கூட நடந்து பாருங்கள். 1983 கலவரத்தில் அந்தக் கோயிலும் தேர்களும் எரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அதே வீதியில் மறுபடி மேளம் கேட்டபோது அவர்களுக்கு எப்படி இருந்தது என்று ஒரு நிருபர்தான் கேட்க முடியும்.

எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம். நடையில் பாடிய அந்த அம்மாவிடம் திரும்பப் போங்கள். அது தாலாட்டா, ஒப்பாரியா, தெம்மாங்கா, தானே கட்டியதா, தாயிடம் கேட்டதா என்று விசாரியுங்கள். எந்த வேலை செய்யும்போது பாடியது, யாரோடு பாடியது, எந்த அடியை இப்போது விட்டுவிட்டுப் பாடுகிறார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் பதிவு செய்யுங்கள், சம்மதிக்காவிட்டால் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள். எழுதியதும் அவருக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு உங்கள் பத்திரிகைக்கு அனுப்புங்கள், செய்திப் பக்கத்துக்கே அனுப்புங்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்பினால் மிகவும் மகிழ்வேன். அந்த அம்மா எந்தத் தோட்டம், தங்கச்சி? கடிதத்தில் அதை எழுத மறந்துவிட்டீர்கள்.